விரைகாலியின் கால்கள்

குனிந்து பார்க்காமல், உங்கள் கால் கட்டைவிரல் இந்த நொடியில் எந்தப் பக்கம் மடங்கியிருக்கிறது என்று உங்களால் சொல்ல முடியுமா?

சொல்லிவிட்டீர்கள். இதெல்லாம் ஒரு கேள்வியா என்று சிரிப்பும் வந்திருக்கும். அந்தக் கேள்விக்குத் தப்பாகப் பதில் சொன்ன ஒரு பெண்ணின் கதை இது. அவளை வேலை செய்யும் இடத்தில் விரைகாலி என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் அவளுக்கு எப்படி ஒட்டியது என்று தெரிந்தால்தான், அது அவளை எப்படிக் கவிழ்த்தது என்பது விளங்கும்.

அது ஒரு செருப்புத் தொழிற்சாலை. கீழே வெட்டும் இயந்திரங்களும் தைக்கும் இயந்திரங்களும் காதைப் பிளக்கும். மாடியில் சத்தமே கிடையாது. மாடிதான் ஒட்டுக்கூடம். நீள மேசைகள், மேசைக்கு இரண்டு பக்கமும் பெண்கள், ஒவ்வொருத்தி முன்னாலும் ஒரு பசை டப்பா, ஒரு பிரஷ். அடித்தோலில் ஒரு பூச்சு, மேல்தோலில் ஒரு பூச்சு. விரலை வைத்தால் ஒட்டாமல், ஆனால் ஒட்டப்போகிற மாதிரி ஒரு பதம் வரும். அந்தப் பதத்தில் இரண்டையும் சேர்த்துக் கூடத்தின் கோடியில் இருக்கும் அழுத்து இயந்திரத்துக்குக் கொண்டு போக வேண்டும். தாமதித்தால் பசை செத்துவிடும். சுரண்டி எடுத்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

கூடத்தில் ஜன்னல்களுக்குக் குறைவில்லை. எல்லாவற்றுக்கும் ஆணி அடித்திருந்தது. தூசி பட்டால் பசை பிடிக்காது என்று காரணம் சொன்னார்கள். எப்போதோ ஒருத்தி ஒரு ஜோடிச் செருப்பைக் கயிற்றில் கட்டி ஜன்னல் வழியாக இறக்கினாள், அன்று அடித்த ஆணி அது என்று பெண்கள் சொன்னார்கள். எப்படியோ, ஒரு ஜோடிச் செருப்பைக் காப்பாற்ற ஒரு கூடத்தின் மூச்சை அடைத்துவிட்டார்கள். பசையின் வாடை முதல் நாள் இனிக்கும். இரண்டாம் நாள் தலையை வலிக்கும். பிறகு வாடையே தெரியாது. தெரியாமல் போவதைப் 'பழகிவிட்டது' என்று சொல்வது நம் வழக்கம்.

சத்தமில்லாத கூடம் என்பதால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. வேலை நேரத்தில் வாசித்துக் காட்ட ஒருவர். தொழிலாளிகளே தங்கள் வாரக் கூலியிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அவரை வைத்திருந்தார்கள். முதலாளி தடுக்கவில்லை, காது வேலை செய்தால் வாய் மூடியிருக்கும், வாய் மூடியிருந்தால் கை ஓடும் என்று கணக்குப் போட்டிருந்தார். அந்த வாசிப்பவர் முன்பு பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தவர். பதிவு செய்த குரல் வந்ததும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கூடத்தில் அவருக்குப் பெயர் மைக்கு.

மைக்கு செய்தித்தாள் வாசித்தார், துப்பறியும் கதை வாசித்தார். ஒரு மழைக்காலத்தில் பழைய புத்தகக் கடையிலிருந்து தலையணை கனத்தில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அட்டை இல்லை, முன்னுரைப் பக்கங்கள் இல்லை. பழைய கிரேக்கப் போர்க்காவியம் ஒன்றின் தமிழாக்கம். மொழிபெயர்த்தவர் யாரோ, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் விளக்கம் எழுதி வைத்திருந்தார்.

"பாடச் சொல்லி ஒரு தேவதையைக் கூப்பிடறான் பாருங்க. இதுக்குப் பேரு அழைப்பு" என்றார் மைக்கு.

"தேவதை பாடினா இவன் எதுக்கு?" என்றாள் ஓரம் நறுக்குகிற ஒருத்தி. வாய்க்கும் கைக்கும் ஒரே வேகம்; அவளுக்குப் பெயர் கத்திரி.

"இவ்வளவு பெரிய கதை தனக்கு ஞாபகம் இருக்காதுன்னு கவிஞன் ஒத்துக்கறான்மா."

"நம்ம சூப்பர்வைசருக்கும்தான் ஞாபகம் இல்ல, ஜன்னலைத் திறந்து விடறேன்னு சொன்னது. அதுக்கு எந்தத் தேவதையைக் கூப்பிடறது?"

சூப்பர்வைசர் இடுப்பில் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு அப்பால் போனார். அவருக்குப் பெயர் சாவிக்கொத்து.

விரைகாலிக்கு அப்போது அந்தப் பெயர் இல்லை. அவள் ஓடும் வேலையில் இருந்தாள். மேசைகளிலிருந்து அழுத்து இயந்திரத்துக்குத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவது. பள்ளியில் ஓட்டப்பந்தயத்தில் எல்லாரையும் முந்தியவள். பள்ளி நின்றது, கல்யாணம் ஆனது, பிறகு ஓடியதெல்லாம் தண்ணீருக்கும் பேருந்துக்கும்தான். வீட்டில் அவளுக்கு இருந்த பெயர்கள் "ஏய்", "இந்தா", "எங்க போய்த் தொலைஞ்சே". அவள் புருஷன் பம்பு ரிப்பேர் செய்பவன், கெட்டவன் இல்லை. பாராட்டினால் நாக்கு தேய்ந்துவிடும் என்று நினைக்கிற ஆள், அவ்வளவுதான்.

காவியத்தில் ஒரு பெரிய வீரன் வந்தான். தலைவனோடு சண்டை போட்டுக்கொண்டு, போருக்கு வரமாட்டேன் என்று தன் கப்பலருகே போய் உட்கார்ந்துகொண்டான். மொழிபெயர்ப்பாளர் அவனை எப்போதும் 'விரைகாலன்' என்றே எழுதியிருந்தார்.

"ஏண்ணா, அவன் உக்காந்துக்கிட்டுல்ல இருக்கான்? அப்புறம் என்ன விரைகாலன்?" என்று தட்டோடு ஓடிக்கொண்டே கேட்டாள் அவள்.

மைக்கின் முகம் மலர்ந்துவிட்டது. "நல்லாக் கேட்டீங்க. இதுக்குப் பேரு நிலை அடைமொழி. ஒருத்தனுக்கு ஒரு தடவை ஒட்டிட்டா அப்புறம் உரியாது. உக்காந்தாலும் விரைகாலன், தூங்கினாலும் விரைகாலன். கரையில இழுத்துப் போட்டிருந்தாலும் கப்பல் வேகக் கப்பல்தான். பட்டப்பகல்லயும் வானம் விண்மீன் வானம்தான்."

"நம்ம பசையைவிட நல்ல பசையா இருக்கே" என்றாள் கத்திரி.

அந்தக் காலத்துக் கவிஞர்களிடம் ஏடு இல்லை, எழுத்து இல்லை. பாடிக்கொண்டே கட்ட வேண்டும். அடியின் அளவுக்குச் சரியாகப் பொருந்துகிற ஆயத்தச் சொற்கள் கைவசம் இருந்தால், நாக்கு அதைச் சொல்லி முடிப்பதற்குள் புத்தி அடுத்த அடியைத் தேடிப் பிடித்துவிடும். வீரன் அந்த நேரத்தில் ஓடுகிறானா நொண்டுகிறானா என்று நாக்கு பார்ப்பதில்லை. இதை மைக்கு விளக்கினார். எல்லாரும் தலையாட்டினார்கள். யாரும் பயப்படவில்லை. பயப்பட்டிருக்க வேண்டும்.

கூடத்துக்கு அந்தக் காவியம் பிடித்துப்போனது. கப்பல்களையும் படைகளையும் வரிசையாகச் சொல்கிற நீண்ட பகுதி படித்தவர்களுக்கே கொட்டாவி வரவழைக்கும். இவர்களுக்கு அதுதான் மிகவும் பிடித்தது, யார் வந்தார், எந்த ஊரிலிருந்து வந்தார் என்று ஒருவரையும் விடாமல் சொன்னதால். அதைவிடப் பிடித்தது இன்னொன்று. போரில் ஒரு சின்ன ஆள் விழுந்தாலும் கவிஞன் அவனுக்கு மூன்று வரி கொடுப்பான்: யார் பிள்ளை, எங்கே பிறந்தான், எதில் கெட்டிக்காரன். பிறகு அவன் முழங்கால்கள் தளரும். அந்தக் காவியத்தில் சாவு என்றால் முழங்கால் தளர்வதுதான்.

இதைக் கூடம் ஒரு விளையாட்டாக்கியது. மைக்கு வாசிக்கும்போது எவனாவது விழுந்தால், மேசையில் யாராவது ஒருத்தி 'செத்து' தலையைச் சாய்ப்பாள். பக்கத்தில் இருப்பவள் அவளுக்கு மூன்று வரி சொல்ல வேண்டும். சிரிப்பு அடங்க நேரமாகும். பசை வாடையில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்களுக்கு இலவசமாகக் கிடைத்த ஒரே பொருள் அந்தச் சிரிப்பு.

ஒரு நாள் தட்டுகளை ஏற்றும் தள்ளுவண்டியின் அச்சு முறிந்தது. பெரிய ஆர்டர், சாயங்காலம் லாரி வந்து நிற்கும். அவள் ஒற்றை ஆளாகத் தட்டுகளைச் சுமந்தாள். காலையிலிருந்து ஓடினாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மேசைக்கும் இயந்திரத்துக்கும் நடுவே நெய்கிற நாடா மாதிரிப் போய்ப் போய் வந்தாள். ஒரு ஜோடியில்கூடப் பசை சாகவில்லை. மைக்கு வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒவ்வொரு பெரிய வீரனுக்கும் இந்தக் கதையில ஒரு நாள் வரும்" என்றார். "அன்னைக்கு அவனை யாராலயும் தடுக்க முடியாது. இன்னைக்கு அக்காவோட நாள்."

"விரைகாலி!" என்று கத்தினாள் கத்திரி. கூடம் முழுவதும் பிரஷ் பிடியால் மேசையைத் தட்டியது.

அன்று வீட்டுக்குப் போகும் பேருந்தில் அவள் அந்தச் சொல்லை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். முப்பத்தைந்து வயதில் முதல் தடவையாக அவளுக்கென்று ஒரு பெயர், அவள் செய்த காரியத்தால் வந்த பெயர்.

பரிசாகச் சாவிக்கொத்து அவளை ஓட்ட வேலையிலிருந்து எடுத்து ஒட்டு மேசையில் உட்கார வைத்தார். கூலி கூடியது, முன்னால் ஒரு பசை டப்பாவும் வந்தது. அவள் அதோடு நிற்காமல் தன் தங்கையையும் அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டாள். "உக்காந்து செய்யற வேலைடி, வெயில் இல்ல, மழை இல்ல, கதை வேற கேக்கலாம்" என்று அவள்தான் சொன்னாள். தங்கை அவள் பக்கத்து இடத்தில் உட்கார்ந்தாள்.

அடுத்த மழைக்காலம் வருவதற்குள் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உடம்பு இளைத்தது. கால் விரல்களில் மெல்லிய காலுறை போட்டது போல இருந்தது. முதலில் விரல்களில், பிறகு பாதத்தில். ஒரு மாலை பேருந்து நிறுத்தத்தில் தங்கை அவள் காலைப் பார்த்தாள்.

"அக்கா, இன்னொரு செருப்பு எங்க?"

அவள் குனிந்து பார்த்தாள். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. தொழிற்சாலை வாசலிலிருந்து அவ்வளவு தூரம் கல்லிலும் சேற்றிலும் நடந்து வந்திருக்கிறாள், ஒரு கால் வெறுங்கால் என்று தெரியாமல். பாதத்தில் கண்ணாடிச் சில்லு ஒன்று ஏறியிருந்தது. வலிக்கவில்லை.

"யோசனையா வந்தேன்டி" என்று சொல்லிச் சிரித்தாள். "கூடத்துல யார்கிட்டயும் சொல்லிடாதே. விரைகாலி செருப்பைத் தொலைச்சுட்டான்னு கத்திரி ஒரு வாரம் ஓட்டுவா."

புருஷனிடம் சொன்னாள். அவன் ஜோசியரைப் பார்த்துவிட்டு வந்தான். "கிரகம் சரியில்லையாம். தானாச் சரியாகுமாம்."

கிரகம் கோடிக்கணக்கான மைலுக்கு அப்பால் இருக்கிறது. பசை டப்பா அவள் மூக்குக்கு ஒரு முழம் கீழே இருந்தது. இந்த இரண்டில் எது காரணமாக இருக்கும் என்று யோசிக்க ஜோசியம் தேவையில்லை, மூக்கு போதும். ஆனால் மூக்குதான் முதலில் பழகிப்போயிருந்தது.

அவளும் மறைத்தாள். தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தால் கால் தடுமாறாது என்று கண்டுபிடித்தாள். மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து உட்கார்ந்துவிடுவாள், எல்லாரும் போன பிறகு எழுந்திருப்பாள். காலையில் கூடத்துக்குள் நுழைகிறவர்கள், "என்ன விரைகாலி, முந்திக்கிட்டியா?" என்பார்கள். "பின்னே?" என்பாள். அந்தப் பெயரைத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

அவள் விழுந்த அன்று மைக்கு ஒரு பெரிய சண்டையை வாசித்துக்கொண்டிருந்தார். டப்பா காலியாகியிருந்தது. புது டப்பா எடுக்க அவள் எழுந்தாள். மைக்கு ஒரு வீரனின் மார்பில் ஈட்டியைப் பாய்ச்சினார். அவன் முழங்கால்கள் தளர்ந்தன. அதே நேரத்தில் விரைகாலி அப்படியே மடிந்து, மேசையின் விளிம்பைப் பிடிக்கப் பார்த்து, பிடி கிடைக்காமல் தரையில் விழுந்தாள்.

கூடம் கைதட்டியது.

இதுவரை யாரும் அவ்வளவு அசலாகச் செத்ததில்லை. கத்திரி எழுந்து நின்று, பிரஷ்ஷை நெஞ்சில் வைத்துக்கொண்டு மூன்று வரி சொன்னாள். "பம்புக்காரன் பொண்டாட்டி, படிக்கட்டெல்லாம் பறந்தவள், காத்தோட பந்தயம் கட்டினவள். ஐயோ, முழங்கால் தளர்ந்தாளே!" கூடம் விழுந்து விழுந்து சிரித்தது. தங்கையும் சிரித்தாள்.

விரைகாலி தரையிலிருந்து எல்லாரையும் பார்த்தாள். எழுந்திருக்கச் சொல்லிக் காலுக்குக் கட்டளை போட்டாள். கால் வேறு யாருடையதோ போலக் கிடந்தது.

"எழுந்திரு விரைகாலி, அடுத்தவன் சாகணும்" என்றாள் கத்திரி.

"எந்திரிக்க முடியல" என்றாள் அவள். அதற்கும் சிரித்தார்கள்.

அவள் கண்ணில் தண்ணீர் வந்ததைத் தங்கைதான் முதலில் பார்த்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா அவளைக் கட்டிலில் படுக்க வைத்து, "கண்ணை மூடிக்குங்க" என்றாள். கால் கட்டைவிரலின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டாள். "இப்போ விரல் மேலே இருக்கா, கீழேயா?"

"மேலே."

"இப்போ?"

"கீழே."

பக்கத்தில் நின்ற தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு தடவையும் டாக்டரம்மா விரலை அசைக்கவே இல்லை.

"என்ன வேலை பண்றீங்கம்மா?"

"செருப்பு ஒட்டற வேலை."

"ஜன்னல் இருக்கா?"

"இருக்கு. ஆணி அடிச்சிருக்கு."

டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னாள். பசையை இளக்கச் சேர்க்கிற திரவம் ஆவியாகி மூச்சோடு உள்ளே போகிறது. அது நரம்பைக் கொல்லும். உடம்பில் மிக நீளமான நரம்பு காலுக்குப் போவது. அதன் நுனியிலிருந்து தொடங்கும். விரல், பாதம், கணுக்கால், முழங்கால் என்று மெல்ல மெல்ல ஏறும். திடீரென்று வராது, மாதக்கணக்கில் வரும். பசையை விட்டு விலகினால் ஓரளவு திரும்பும். "எவ்வளவு சீக்கிரம் விலகறாங்களோ அவ்வளவு திரும்பும்மா. நீங்க ரொம்ப லேட்டு."

விரைகாலி தன் காலைப் பற்றிக் கேட்கவில்லை. "என் பக்கத்து இடத்துலதான் இவளும் உக்கார்றா டாக்டர்" என்று தங்கையைக் காட்டினாள்.

தங்கைக்கு அந்த வேலையை விட வழியில்லை. அந்தக் கூலியில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஆகவே விரைகாலி தொழிலாளர் அலுவலகத்தில் மனுப் போட்டாள். மனுவில் இரண்டே கோரிக்கை: ஜன்னலின் ஆணியைப் பிடுங்க வேண்டும், பசையை மாற்ற வேண்டும். தனக்கென்று அவள் எதுவும் எழுதச் சொல்லவில்லை.

விசாரணை இரண்டாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. கால் போனவளின் வழக்கை மாடியில் வைத்து விசாரிக்கிற அறிவு அரசாங்கத்தைத் தவிர வேறு யாருக்கும் வராது. புருஷனும் மைக்கும் அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். மேலே போய் இறக்கியதும் புருஷன், "கனமே இல்ல நீ" என்றான்.

கம்பெனி வக்கீல் நல்ல உடை உடுத்தியவர், குரலை உயர்த்தாதவர். டாக்டரம்மாவின் அறிக்கையை அவர் மறுக்கவே இல்லை. "மெதுவா, மாசக்கணக்கில வர்ற நோய்னு சொல்லியிருக்காங்க. ஒத்துக்கறோம்" என்றார். பிறகு தங்கையைக் கூப்பிட்டார்.

"உங்க அக்காவைக் கூடத்துல என்னன்னு கூப்பிடுவாங்கம்மா?"

"விரைகாலி."

"அப்படின்னா?"

"வேகமா நடக்கறவங்க."

"அவங்க விழுந்த அன்னைக்குக் காலையில நீங்க என்னன்னு கூப்பிட்டீங்க?"

தங்கை அக்காவைப் பார்த்தாள். "அப்படித்தான். ஆனா அது சும்மா ஒரு பேரு சார்."

"சும்மாவா? கத்திரின்னு ஒருத்தங்க இருக்காங்க. அவங்க கத்திரிதானே பிடிக்கிறாங்க? சூப்பர்வைசர் பேரு சாவிக்கொத்தாமே. அவர் இடுப்புல சாவி இருக்கா, இல்லையா?"

அறை சிரித்தது. சாவிக்கொத்தும் சிரித்துக்கொண்டே சாவியைத் தொட்டுக்கொண்டார்.

"அவங்க விழுந்ததும் நீங்கள்லாம் என்ன பண்ணீங்க?"

"அதுக்கு முன்னாடியே ஒரு நாள் ஒத்தைச் செருப்போட நடந்து வந்தாங்க சார்" என்று ஆரம்பித்தாள் தங்கை.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கம்மா."

"சிரிச்சோம்."

"கைதட்டினீங்களா?"

"தட்டினோம்."

வக்கீல் விசாரணை அதிகாரியின் பக்கம் திரும்பினார். "கூடமே சிரிச்சிருக்கு சார். மாசக்கணக்கா நொண்டினவங்க விழுந்தா யாராவது கைதட்டுவாங்களா? அன்னைக்குக் காலையில வரைக்கும் அவங்க விரைகாலி. திடீர்னு வந்தது இது. திடீர்னு வந்தா டாக்டர் சொன்ன நோய் இல்ல."

மைக்கு தானாகவே எழுந்தார். அந்தப் புத்தகத்தைக் கையோடு கொண்டு வந்திருந்தார். "ஐயா, இதுக்கு நிலை அடைமொழின்னு பேரு. பழைய கிரேக்கக் காவியத்துல வர்றது. ஒரு தடவை வெச்சா மாத்த மாட்டாங்க. உக்காந்திருக்கறவனையும் விரைகாலன்னுதான் சொல்வாங்க."

"இது தொழிலாளர் அலுவலகம். நீங்க பாட்டுக்கு இலக்கிய வகுப்பு எடுக்கறீங்களே?" என்றார் அதிகாரி.

"ஐயா, என்னையே பாருங்க. என் கையில இருந்த மைக்கைப் பிடுங்கி எத்தனையோ வருஷம் ஆச்சு. இன்னைக்கும் நான் மைக்குதான்."

அதிகாரி ஒரு கணம் பேனாவை நிறுத்தினார். விரைகாலிக்கு உள்ளே ஏதோ எழுந்தது. இது ஒரு பாயிண்ட். இதற்குப் பதில் இல்லை.

பதில் இருந்தது. வக்கீல் மெதுவாகக் கேட்டார்: "அப்போ உங்க கூடத்துல சொல்ற வார்த்தைக்கும் உள்ளதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு நீங்களே ஒத்துக்கறீங்க. நல்லது. தலை சுத்துச்சு, மூச்சு முட்டுச்சு, வாடை அடிச்சுதுன்னு இவங்க மனுவில எழுதிக் கொடுத்திருக்காங்களே, அதை மட்டும் நாங்க எப்படி நம்பறது?"

வாழ்நாளெல்லாம் குரலை விற்றுச் சாப்பிட்ட மைக்கு, புத்தகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கடைசியாக வக்கீல் அவளிடமே வந்தார். "அம்மா, கால் முடியலைன்னா, அப்படிக் கூப்பிடாதீங்கன்னு எப்பவாவது சொன்னீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

அவள் யோசித்தாள். பொய் சொல்லியிருக்கலாம். கெட்டிக்காரத்தனமாக எதையாவது சொல்லியிருக்கலாம்.

"எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான் சார்."

அதிகாரி அதை எழுதிக்கொள்ளவில்லை. அது சாட்சியம் இல்லையாம்.

தீர்ப்பு நாலு வரி. நோய் வேலைக்காலத்தில் படிப்படியாக வந்ததாக நிரூபிக்கப்படவில்லை. ஆகவே ஜன்னல் குறித்தும் பசை குறித்தும் உத்தரவு ஏதும் பிறப்பிக்க வேண்டியதில்லை. அந்தக் காவியத்தில் யாரும் கேள்விப்படாத ஒரு ஈட்டிக்காரனுக்குக்கூட அவன் எதில் கெட்டிக்காரன் என்று ஒரு வரி உண்டு. இந்த நாலு வரியில் அவளுக்கு அது இல்லை, 'மனுதாரர்' என்பதுதான் இருந்தது.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்தப் பெண்கள் பட்டப்பெயர் வைத்தது குற்றமில்லை. சிரித்தது குற்றமில்லை. வாடை நிறைந்த கூடத்தில் பெருமையாக ஒரு சொல்லை ஒருத்திக்குக் கொடுத்தார்கள். அவள் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஏழை ஒருத்தி தன் பெருமையைப் பிடித்துக்கொண்டிருந்ததையே அவளுக்கு எதிரான சாட்சியாக்கத் தெரிந்தவர்களிடம்தான் குற்றம் இருக்கிறது. காவியத்தில் களைத்துப்போன வீரனின் முழங்காலில் ஒரு தேவதை வந்து பலத்தை ஊதுவாள். ஒட்டுக்கூடத்துக்கு எந்தத் தேவதையும் வந்ததில்லை, வரப்போவதும் இல்லை. அங்கே தேவைப்பட்டது ஆணி பிடுங்குகிற ஒரு சுத்தியல்.

மறு வாரம் கூடத்தில் வாசிப்பை நிறுத்தினார்கள். பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று அறிவிப்பு ஒட்டினார்கள். அதை ஒட்டியது அதே பசை. மைக்கு உட்கார்ந்த ஸ்டூல் இருந்த இடத்தில் ஒரு ஒலிபெருக்கி வந்தது. நாள் முழுக்கச் சினிமாப் பாட்டு. இரண்டாம் முறையாக அவரை ஒரு பெட்டி வீட்டுக்கு அனுப்பியது.

விடுமுறை நாளில் தங்கை வந்தாள். ஒற்றை அறை வீடு. ஜன்னலோரம் கட்டில், கட்டிலில் விரைகாலி. ஜன்னலைப் புருஷன் முழுசாகத் திறந்து, மூடிக்கொள்ளாதபடி கயிற்றால் கட்டி வைத்திருந்தான். தங்கை பழம் உரித்துக்கொண்டே கூடத்துக் கதைகளைச் சொன்னாள். கத்திரி இப்போதெல்லாம் வாயே திறப்பதில்லையாம். சாவிக்கொத்து பாட்டுக்குத் தாளம் போடுகிறாராம்.

"சாப்பிடறியாடி ஒழுங்கா?" என்றாள் அக்கா.

"எங்கக்கா, பசியே எடுக்கறதில்ல."

விரைகாலி தங்கையின் காலைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்திருந்தாள். எப்போதும் வாசலில் கழற்றுகிறவள்.

"காலை இப்படிக் கட்டில் மேல வை."

"எதுக்கு?"

"வைடி. கண்ணை மூடிக்கோ."

தங்கை சிரித்துக்கொண்டே கண்ணை மூடினாள். விரைகாலி செருப்பைக் கழற்றிவிட்டு அவள் கட்டைவிரலின் இரண்டு பக்கத்தையும், டாக்டரம்மா பிடித்தது போலவே பிடித்தாள். மெல்ல விரலைக் கீழே மடக்கினாள்.

"சொல்லு. மேலயா, கீழயா?"

"மேல" என்றாள் தங்கை.

விரைகாலி விரலை விடவில்லை. இன்னும் அழுத்திக் கீழே மடக்கினாள்.

"இப்போ?"

"மேலதான். நீ அசைக்கவே இல்லையேக்கா. ஏமாத்தறே." கண்ணை மூடியபடியே தங்கை சிரித்துக்கொண்டிருந்தாள்.

படிக்கிறவர்களே, உங்களைக் கேட்பது இதுதான். செருப்போ, பையோ, நாற்காலி மெத்தையோ, எதுவாக இருந்தாலும் பசை பூசி ஒட்டும் வேலைக்குப் போகிறவர் ஒருவர் உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ இருப்பார். இன்றைக்கே அவரிடம் போங்கள். கண்ணை மூடச் சொல்லி, கட்டைவிரலை அசைத்து, மேலேயா கீழேயா என்று கேளுங்கள். அவர் தப்பாகச் சொன்னால் சிரிக்காதீர்கள். நாளைக் காலையில் அவரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கிருந்து நேரே அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போய், ஆணி அடித்த ஜன்னலைத் திறந்தாக வேண்டும் என்று வாசலில் நில்லுங்கள். போகும்போது ஒரு சுத்தியலை எடுத்துக்கொள்ளுங்கள்.